முப்பத்தொன்றாம் பக்கம்

மொனஸ்தீர்,
12 பிப்ரவரி 2023

அன்புள்ள நெய்லாவுக்கு,

இங்கே நான் நலம். கிரெனோபிளின் பனியில் நீயும் நலமாக இருக்க இறைவன் அருள் செய்யட்டும்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தால், அதற்கே உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. தொலைபேசி எண்ணை நீ மாற்றிவிட்டாய். கடைசியில் உன் அம்மாவிடம் போய் நின்றேன். முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, "நான் குடுத்தேன்னு அவகிட்ட சொல்லிடாதடி. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அவளும் கோவிச்சுக்கிட்டா நான் எங்க போவேன்?" என்றார்கள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் வேறு எங்கிருந்து கிடைத்தது என்று நீ யோசிப்பாய். அதனால் சொல்லிவிட்டேன். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சனிக்கிழமைச் சந்தைக்கு அவர்களே நடந்து போகிறார்கள். இந்த வருடம் எலுமிச்சை ஊறுகாய் இரண்டு ஜாடி போட்டிருக்கிறார்கள். ஒன்று உனக்காம். யார் கொண்டு போய்க் கொடுப்பது என்று கேட்டேன். "அவ வருவா" என்றார்கள். அவ்வளவுதான்.

ஆய்வுக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. சூட்டுப் பெட்டியின் கதவு இன்னமும் சரியாக மூடுவதில்லை. நாற்காலியை முட்டுக்கொடுத்துத்தான் ஓட்டுகிறோம். நம் தலைவர் உஸ்தாத் லம்ஜத் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறார். யாரும் சிரிக்கக் கூடாது என்று மாணவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஜன்னலோரத்து மேசை இப்போது என்னுடையது. எனக்கு வேலை நிரந்தரமான செய்தி உன் காதுக்கு வந்திருக்கும். வாழ்த்து எதிர்பார்த்து இதை எழுதவில்லை.

ஓர் உதவி வேண்டும். மூன்று வருடத்துக்கு முன்பு சூட்டுச் சோதனைகள் செய்தபோது ஒரு பச்சை அட்டை நோட்டில் எல்லா அளவுகளையும் எழுதி வந்தாயே, பதினொரு சிப்புகள், ஆறு வாரம். கணினியில் இருந்த பிரதி இப்போது இல்லை. நோட்டை நீ எடுத்துப்போனதாக ஞாபகம். ஒரு கட்டுரைக்காக அது தேவைப்படுகிறது. பழைய விஷயம்தான். பதிவுத் தபாலில் அனுப்பினால் உனக்குப் புண்ணியமாகப் போகும்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி உண்டு.

அன்புடன்,
உன் தோழி முனீரா


மொனஸ்தீர்,
19 மார்ச் 2023

அன்புள்ள நெய்லாவுக்கு,

உன் பதில் வந்தது. ஒரே வரி. "எந்தக் கட்டுரை, யார் பேரில்?" அந்த ஒரு வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் நடமாடினேன்.

கட்டுரை எதுவும் இல்லை, நெய்லா. சிறையில் ஒரு மனிதர் இருக்கிறார். அவரை அங்கே அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி.

அவர் பேர் பெல்காசெம். தெற்கே தூஸுக்குப் பக்கத்தில் ஐன் சல்மா என்ற ஊர். அங்கே பேரீச்சைத் தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் பம்புசெட்டுகளைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக். நாம் வடிவமைத்த சிப் வைத்த கட்டுப்பாட்டுப் பலகைகள் அந்த ஊரில் பதினான்கு பம்புகளில் இருக்கின்றன. எதற்காக வைத்தோம் என்று உனக்குத் தெரியும். சந்தையில் போலிப் பலகைகள் குவிந்து, அனுமதியில்லாமல் தண்ணீர் உறிஞ்சுகிறார்கள் என்றுதான் பலகை விற்கும் அந்த நிறுவனம் நம்மிடம் வந்தது. எந்தப் பலகை அசல், எந்தப் பலகை போலி என்று சிப்பே சொல்லிவிட வேண்டும் என்றார்கள். சொல்லும் என்றோம்.

போன ஆகஸ்டில் மூன்று பம்புகள் அடுத்தடுத்து நின்றுவிட்டன. மூன்றும் தலைமையகத்துக்கு ஒரே செய்தி அனுப்பின. 'இந்த சிப் பதிவில் உள்ள சிப் அல்ல.' பலகைகள் இருக்கும் இரும்புப் பெட்டிகளின் சாவி பெல்காசெமிடம் மட்டும்தான் இருந்தது. அசல் பலகைகளைக் கழற்றி விற்றுவிட்டுப் போலியை மாட்டிவிட்டார் என்று வழக்குப் போட்டார்கள். நிறுவனத்தின் வக்கீல் எனக்கு ஒரு கேள்வி அனுப்பினார். அசல் சிப் ஒன்று தவறான அடையாள ரேகையைக் காட்ட வாய்ப்பு உண்டா? நான் பதில் எழுதினேன். 'சாத்தியமில்லை.' கீழே கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். பலகையைக் காட்டுங்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்பதும் பொய். தோன்றியது. கேட்கவில்லை.

ஒன்றரை வருடம் தண்டனை.

ஜனவரி கடைசியில் ஒரு பெண் என்னைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். விடியும் முன்னே ஊரில் வண்டி ஏறி, இரண்டு வண்டி மாறி, பிற்பகல் மூன்று மணிக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். வாசல் காவலாளி உள்ளே விடவில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பும்வரை மதில் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள்.

"அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்ட முனீரா நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் மப்ரூக்கா. பெல்காசெம் பொஞ்சாதி."

உள்ளே கூட்டிவந்து தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பிடி பேரீச்சம்பழத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். உன் பழைய மேசை. பழமெல்லாம் தோல் சுருங்கி, கொட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. "இது எங்க தோட்டத்துக் காய்ப்பு. திங்கக் கொண்டுவரல, நீங்க பாக்கணும்னு கொண்டாந்தேன். ஆகஸ்டுல தண்ணி நின்னா இப்படித்தான் ஆகும்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நம்புவாயா? கோபம். பயந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். ஒரே மாவில், ஒரே அடுப்பில் சுட்டாலும் இரண்டு ரொட்டி ஒரே மாதிரி கருகுவதில்லை அல்லவா, சிப்பும் அப்படித்தான் என்றேன். ஒரே தொழிற்சாலையில் செய்தாலும் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஏற்ற இறக்கம் இருக்கும். மின்சாரம் பாய்ந்த உடனே அதன் நினைவகத்தில் சில அறைகள் ஒன்று என்று விழும், சில பூஜ்யம் என்று விழும். அந்தக் கோலம்தான் அதன் கைரேகை. செய்தவனாலேயே அதே மாதிரி இன்னொன்றைச் செய்ய முடியாது என்றேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப அந்தக் கருகல் ஆயுசுக்கும் அப்படியே இருக்குமா, மாறாதா?" என்றாள்.

மாறாது என்றேன்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா. ஆனா அந்தப் பம்புக்குப் பக்கத்துலதான் நாள் பூரா வேலை செய்யறேன். ஜூலை பூரா அது விடிகாலையில ஓடுச்சு. வெயில் உச்சிக்கு வந்தா நின்னுச்சு. மறுநாள் விடிஞ்சா மறுபடி ஓடுச்சு. எம்புருசன் திருடன்னே வெச்சுக்குங்க. தெனம் மத்தியானம் போலிய மாட்டி, தெனம் விடியும் முன்னாடி அசல மாட்டுவானா? அவனுக்கு வேற வேல இல்லையா?"

நெய்லா, அந்த நிமிடம் உன் குரல் என் காதில் கேட்டது. "தூஸ்ல ஆகஸ்ட் மாசம் இரும்புப் பெட்டிக்குள்ள எத்தன டிகிரி இருக்கும்னு நீங்க யாராவது போய்ப் பாத்தீங்களாடி?" என்று நீ கத்தினாயே, அந்தக் குரல்.

ரேகை ஓர் எல்லைக்கு மேல் மாறி, மூன்று முறை தொடர்ந்து பிழை வந்தால் பலகை தன்னைப் பூட்டிக்கொள்ளும் என்று விதி எழுதியது நாம்தான். ஜூலை முழுக்க ஒரு முறை, இரண்டு முறை என்று தடுமாறி நின்று, ஆறியதும் ஓடியிருக்கிறது. ஆகஸ்டின் உச்ச வெயிலில் மூன்று பிழையும் தொடர்ந்து வந்துவிட்டது.

பெல்காசெமின் வக்கீல் மூலம் கேட்டு, நீதிமன்றத்தில் இருந்த பலகைகளில் ஒன்றை வாங்க ஐந்து வாரம் ஆயிற்று. போன திங்கட்கிழமை காலை வந்தது. பின்பக்கம் வரிசை எண்ணை நீதான் எழுதியிருந்தாய். நீ போடும் நாலு என்ற எண்ணுக்கு எப்போதும் மேலே திறந்த வாய்தான். ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு டிகிரி. சோதனை முனையில் மாட்டி மின்சாரம் கொடுத்தேன். நாம் முதல் நாள் எடுத்துவைத்த ரேகையோடு ஒப்பிட்டேன். நூற்றுக்கு ஆறு அறைகள்தான் வித்தியாசம். அதே சிப். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் அசல்.

சூட்டுப் பெட்டியில் வைத்து, நாற்காலியை முட்டுக்கொடுத்து, ஏற்றிக்கொண்டே போனேன். நாற்பதில் ஏழு. அறுபதில் பத்து. எழுபதில் பதின்மூன்று. எழுபத்தாறில் பதினாறு. பிழை திருத்தும் பகுதிக்குச் சிப்பில் இடம் போதவில்லை என்று நாம் பதினைந்தோடு நிறுத்திய எல்லை தாண்டிவிட்டது. அந்தச் சூட்டில் அதற்குத் தன்னையே அடையாளம் தெரியவில்லை. கதவைத் திறந்து ஆறவிட்டேன். அரை மணியில் மறுபடி தானாகிவிட்டது. எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாணவி ஒருத்தி வந்து, "என்ன டீச்சர், தல சுத்துதா?" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது.

நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கையின் முப்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்தது உஸ்தாத் இல்லை. நான்.

எண்பது டிகிரியில், இரண்டு வருடப் பழசுக்குச் சமமாகத் தேய்ந்த பதினொரு சிப்பில் இரண்டு தன்னைத் தானே மறந்தன என்று நீ எழுதியிருந்த பக்கம். உஸ்தாத் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைசிப் பகுதி கொஞ்சம் கண்ண உறுத்துதே, முனீரா. பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு விமானம் பிடிக்கப் போய்விட்டார். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மாலையே அதை நீக்கி, பக்க எண்களைத் திருத்தி, கணினியில் இருந்த உன் அளவுகளையும் அழித்தேன். நிரந்தர இடம் ஒன்றுதான் இருந்தது, நாம் இரண்டு பேர் இருந்தோம். அந்தக் கணக்கு என் மனதில் ஓடவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

நீ அவர் அறைக்குள் போய்ச் சத்தம் போட்டபோது நான் வராந்தாவில் இரண்டு கையிலும் காப்பிக் கோப்பையோடு நின்றேன். ஒன்று உனக்கு. "யாரு எடுத்தது?" என்று நீ கேட்டாய். அவர் வீம்புக்கு, "எனக்குத் தெரியாம இங்க எதுவும் நடக்காது" என்றார். நான் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காப்பி ஆறும்வரை அங்கேயே நின்றேன். மூன்று வாரத்தில் நீ ஊரை விட்டே போனாய். ரயிலடியில் என்னைக் கட்டிப்பிடித்து, "எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. நீ ஒருத்திதான்டி எம்பக்கம் நின்ன" என்றாய். அதையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு யார் மூலமாகவோ, உன் மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு என்னோடு பேச்சை நிறுத்தினாய். அதற்காக மட்டும்தான் உன் கோபம் என்றால், நெய்லா, அது மிகச் சின்னக் கோபம்.

நோட்டு ஏன் வேண்டும் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஒரு பலகையை நான் சூடேற்றிக் காட்டினால், அது இப்போது பழுதாகியிருக்கலாம் என்று நிறுவனத்தார் சொல்லிவிடுவார்கள். விற்பதற்கு முன்பே இது தெரிந்திருந்தது என்பதற்கு உன் நோட்டு ஒன்றுதான் சாட்சி. அதில் ஒவ்வொரு நாள் முடிவிலும் பார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அதனால்தான் அதுவே வேண்டும்.

மன்னிப்பு கேட்டு இந்தக் கடிதத்தை நீட்டப் போவதில்லை. அந்த மனிதருக்காக அனுப்பு.

முனீரா


மொனஸ்தீர்,
9 ஜூலை 2023

அன்புள்ள நெய்லாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது என்னைப் பற்றி நீ கேட்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் நடந்ததை உனக்குச் சொல்வது என் கடமை.

நோட்டு ஏப்ரலில் வந்தது. உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தேன், துண்டுக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை. பரவாயில்லை. நீ அனுப்பியதே பெரிது.

ஜூன் பதினைந்தாம் தேதி விசாரணை. தெற்கில் அன்றைக்கு அனல் காற்று. நோட்டையும், பக்கம் நீக்கிய அறிக்கையையும், சூடேற்றி எடுத்த அளவுகளையும் கொடுத்துவிட்டு நின்றேன். நிறுவனத்தின் வக்கீல் இளம் வயது, நன்றாகப் பேசினார். "போன வருஷம் சாத்தியமில்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. இப்ப சாத்தியம்கறீங்க. எப்ப பொய் சொன்னீங்க, அப்பவா, இப்பவா?"

"அப்ப" என்றேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தெரியாம எழுதினதா, தெரிஞ்சே எழுதினதா?" என்று கேட்டார். தெரிந்தே என்றேன். பின்வரிசையில் யாரோ ஒரு பெண் சத்தமாக உச்சுக்கொட்டினாள். மப்ரூக்கா இல்லை. மப்ரூக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே பெல்காசெமை விடுதலை செய்தார்கள். ஒன்பது மாதம் உள்ளே இருந்திருக்கிறார். நாற்பத்துநாலு வயதாம், தலை முழுக்க வெள்ளை. சிறை வாசலில் அவர் முன்னால் போய் நின்றேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர்தான் பேசினார். அதட்டவில்லை. பம்பைப் பற்றி விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

"அந்தக் காகிதத்துல 'எனக்குத் தெரியாது'ன்னு எழுதியிருக்கலாமேம்மா. நாங்கல்லாம் தெனம் பத்துத் தரம் சொல்ற வார்த்தைதான். உங்க படிப்புல அதச் சொல்லக் கூடாதா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணைக் குழு கூடியது. அந்தப் பக்கத்தைத் தான் பார்க்கவே இல்லை என்று உஸ்தாத் சொன்னார். வெளியே வரும்போது என் காதருகே, "உன்ன யாரும்மா கேட்டா? நீயா போய்த் தலைய நீட்டுனே" என்றார். உனக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு அவர்மேல் கோபப்பட உரிமை இல்லாமல் போயிற்று. அவர் சொன்னது உண்மைதானே, பக்கத்தை எடுக்கும்படியும் என்னை யாரும் கேட்கவில்லை. ஐன் சல்மாவின் மற்றப் பெட்டிகளுக்கு நிறுவனம் கூரை போட்டுக் கொடுத்திருக்கிறது. புதுப் பலகைகளில் எல்லையை உயர்த்தப் போகிறார்களாம். ஜன்னலோரத்து மேசையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். மொக்னீனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கேட்டிருக்கிறேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன வாரம் மப்ரூக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். என் எண் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"கோர்ட்டு விட்டுருச்சு, ஊரு விடல" என்றாள். சங்கத்தில் பெல்காசெமுக்கு இன்னும் சாவி தரவில்லையாம். காப்பிக் கடையில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடுகிறதாம். "'வக்கீலு நல்லா வாதாடிட்டான், ஆனா மெசினு பொய் சொல்லாதே'ன்னு பேசிக்கறாங்க. மெசினு பொய் சொல்லாதுன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே? நீங்களே வந்து இல்லைன்னு சொல்லுங்க."

வருகிற வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் சங்கத்து முற்றத்தில் எல்லாரும் கூடுவார்களாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரொட்டி, கருகல் என்று ஏதாவது விளக்கலாமா என்று கேட்டேன். "வேணாம்மா. வெளக்கம் சொன்னா தப்பிக்கப் பாக்கறீங்கன்னு நெனப்பாங்க. தப்பு எம்பேருலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். அது எல்லாருக்கும் புரியும்" என்றாள்.

நீதிமன்றத்தில் எனக்கு நாக்குக் குழறவில்லை. அங்கே கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். யாரும் கேட்காமல், நானாக வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றால் வர மாட்டேன் என்கிறது. மூன்று நாளாகச் சமையலறையில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறது. போன கடிதத்தில்கூட யார் எடுத்தது, எப்படி எடுத்தது என்று பக்கம் பக்கமாக எழுதினேனே தவிர, இந்த ஒரு வரியை எழுதவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன்.

அதனால் ஊருக்குப் போகும் முன் முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

தப்பு என் பேரில், நெய்லா.

வெள்ளிக்கிழமை பகலில் உனக்கு ஒரு நிமிடம் ஓய்ந்தால், எனக்காக இல்லாவிட்டாலும் அந்த முற்றத்தில் நிற்கப் போகிற பெல்காசெமுக்காகக் கையேந்தி ஒரு துஆ செய். இறைவன் உன்னை எந்த ஊரிலும் தனியாக விடாதிருக்கட்டும்.

முனீரா